58, 60, 65: இந்த எண்களை யார் வைத்தார்கள்?



சென்ற இதழில் காசோலையின் வரலாற்றைப் பற்றி எழுதியிருந்தேன். லிஃப்டிலும் பால் பூத் வாசலிலும் பார்த்து நாலு வார்த்தை சொன்னவர்களுக்கு நன்றி. இந்த முறை வயதைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரப்போகும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏழாவது பொருள், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு 65 வயதைக் கடந்தவர்கள் நிற்கக் கூடாது என்று சங்கத்தின் துணைவிதியைத் திருத்துவது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எனக்கு 66 ஆகிறது. எந்தப் பதவிக்கும் நான் நிற்பதாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 37 வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எந்த வவுச்சரிலிருந்து வந்தது என்று தேடத் தோன்றும். இந்த 65-ஐயும் அப்படித் தேடிப் பார்த்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன். ஓட்டு உங்களுடையது.

பிஸ்மார்க்கின் 70

அரசாங்கம் சட்டம் போட்டு "இந்த வயதுக்கு மேல் முதுமை" என்று முதன்முதலில் பெரிய அளவில் எண் குறித்தது ஜெர்மனியில். அங்கே பிரதமராக இருந்த பிஸ்மார்க் காலத்தில், 1889-ல், தொழிலாளர்களுக்கான முதுமைக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1891 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். அரசாங்கம் தன் பங்கைச் சேர்க்கும். நம் பிராவிடண்ட் ஃபண்டு, பென்ஷன் ஏற்பாடுகளுக்கெல்லாம் ஒரு வகையில் இது மூத்த தாத்தா.

பிஸ்மார்க்குக்கு அப்போது 65 வயது, அதனால்தான் 65 என்று வைத்தார் என ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு தவறு. முதலாவது, சட்டத்தில் இருந்த வயது 70. ஜெர்மனியில் அது 65-ஆகக் குறைந்தது 1916-ல், பிஸ்மார்க் இறந்து பல வருடம் கழித்து. இரண்டாவது, 1815-ல் பிறந்த அவருக்குச் சட்டம் வந்தபோது வயது 74. தான் போட்ட சட்டப்படி முதியவராகி நான்கு வருடம் ஆன பிறகும் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்!

70 என்ற வயதை எந்த மருத்துவரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வயது வரை உழைத்துப் பென்ஷன் வாங்க வருபவர்கள் குறைவாக இருப்பார்கள், கஜானா தாங்கும் என்ற கணக்குதான்.

ஐந்து ஷில்லிங்கும் பெருங்காற்றும்

அடுத்தது இங்கிலாந்து. 1908-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. இதற்கு யாரும் பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. 1909 ஜனவரி 1 அன்று தபால் அலுவலகங்களில் முதல் பட்டுவாடா நடந்தது.

இதில் அயர்லாந்தில் ஒரு வேடிக்கை. அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிறப்புப் பதிவு அங்கே எல்லோருக்குமாகத் தொடங்கியது 1864-ல்தான். 1909-ல் 70 வயதான யாரிடமும் அந்தப் பதிவிலிருந்து சான்றிதழ் இருக்க முடியாது. பிறகு வயதை எப்படி நிரூபிப்பது? 1839 ஜனவரி 6-ம் தேதி இரவு அயர்லாந்தைப் புரட்டிப் போட்ட ஒரு சூறைக்காற்று உண்டு. "பெருங்காற்று இரவு" என்று ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்தார்கள். பென்ஷன் அதிகாரிகள் அதையே கேள்வியாக வைத்தார்கள்: "அந்தக் காற்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?" நினைவிருக்கிறது என்றால் வயது 70-க்கு மேல். எத்தனை பேருக்கு திடீரென்று அந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் வயதுக்காரர்கள் பலருக்குச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் மாதத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கணக்குச் சரியாக வரும்படி தலைமை ஆசிரியர் ஒரு தேதி போட்டுவிடுவார். பிற்பாடு அந்தத் தேதிதான் வேலைக்குப் போகும் வயதையும் ஓய்வு பெறும் நாளையும் தீர்மானித்தது. தலைமை ஆசிரியரின் பேனாவில் பிறந்தவர்கள் நாம்.

65 வந்த கதை

65 என்ற எண் உலகம் முழுக்கப் பரவியதில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1935 ஆகஸ்டில் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது அமெரிக்க மாநிலங்களில் இருந்த பென்ஷன் திட்டங்களில் ஏறக்குறைய பாதியில் 65, மீதியில் 70 என்று இருந்தது. ரயில்வே ஊழியர்களுக்கு 65. எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து 65-ஐ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பட்ஜெட் கூட்டத்தில் இரண்டு எண்களுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போலத்தான்.

அந்தத் திட்டத்தில் முதல் மாதாந்திரப் பென்ஷன் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி. வக்கீல் அலுவலகத்தில் செயலராக இருந்தவர். மூன்று வருடத்தில் அவர் கட்டிய தொகை 24 டாலர் 75 சென்ட். 1940 ஜனவரி 31 தேதியிட்ட அவருடைய முதல் செக் 22 டாலர் 54 சென்ட். இரண்டாவது மாதமே போட்ட பணம் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அம்மையார் விடவில்லை. 1975-ல் 100 வயதில் காலமாகும் வரை வாங்கினார். மொத்தம் 22,888 டாலர் 92 சென்ட். கணக்குப் போட்டவர்கள் ஐடா மே ஃபுல்லரை எதிர்பார்க்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கு

ஆங்கிலேயர் காலத்திலிருந்து நம் நாட்டில் அரசு ஊழியருக்கு 55 என்பது பொதுவான ஓய்வு வயதாக இருந்து வந்தது. மத்திய அரசு அதை 1962-ல் 58 ஆக்கியது. 1998-ல் 60 ஆக்கியது. தமிழ்நாட்டில் 58 என்பது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. ஒவ்வொரு முறையும் காரணம் என்ன? ஒரு சமயம் அனுபவசாலிகள் தேவை. இன்னொரு சமயம், ஒரே நேரத்தில் நிறையப் பேர் ஓய்வு பெற்றால் கொடுக்க வேண்டிய பணம் அதிகம். ஊழியரின் உடம்பைப் பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை.

எண் கீழேயும் போகும். 1983 ஜனவரியில் ஆந்திராவில் என்.டி.ராமராவ் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆகக் குறைத்தார். வேலையில்லாத இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பது காரணம். 55-ஐத் தாண்டியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் மூன்று வருடச் சம்பளத்தை நம்பியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வயதைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 1984-ல், அரசே மறுபடியும் 58 ஆக்கிவிட்டது. குறைத்த நாளில் முதலமைச்சரின் வயது 59!

இப்போது இன்னொரு வரிசையைப் பாருங்கள். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. எம்.எல்.ஏ., எம்.பி., மந்திரி ஆக மேல் வரம்பே கிடையாது. மொரார்ஜி தேசாய் 1977-ல் பிரதமரானபோது அவருக்கு 81. வருமான வரிக்கு 60-ல் மூத்த குடிமகன், 80-ல் மிக மூத்த குடிமகன். ரயில்வே சலுகை இருந்த காலத்தில் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 58. அதாவது 59 வயதுப் பெண்மணி ஒருவர் டிக்கெட் கவுண்டரில் மூத்த குடிமகள், வருமான வரி அலுவலகத்தில் இளையவர். ஒரே ஆளுக்கு எந்த வயதில் அறிவு மங்குகிறது என்பதில் இத்தனை கருத்து இருக்க முடியாது. ஒவ்வொரு துறையும் தன் வசதிக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிர்வாகத்துக்குக் கோடு தேவைதான். அதை இயற்கை கிழித்தது என்று நாம் நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சராசரி ஆயுள் என்னும் குழப்பம்

"அந்தக் காலத்தில் மனுஷன் 32 வயது வரைதான் இருந்தான், இப்போதுதான் கிழவர்கள் அதிகமாகிவிட்டார்கள்" என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சுதந்திரம் வந்தபோது நம் நாட்டின் சராசரி ஆயுள் சுமார் 32 என்பது சரி. இன்று 70-ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஆனால் பி.காம். படித்தவன் என்ற முறையில் சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள். ஒன்று பிறந்த ஒரு வருடத்தில் இறந்துவிட்டது. இன்னொன்று 69 வயது வரை வாழ்ந்தது. சராசரி 35. அந்த வீட்டில் 35 வயதில் செத்தவர் யாருமே இல்லை! அன்று சராசரியைக் கீழே இழுத்தது பெரும்பாலும் குழந்தைகளின் மரணம். தடுப்பூசியும், பிரசவ வசதியும், நல்ல தண்ணீரும் வந்து அதைக் குறைத்தன.

ஆக, கிழவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்று எண்ணிக்கையில் கூடியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 60-ஐக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இதை ஒரு சுமையாகப் பேசுகிறார்கள். குழந்தைகளைச் சாகவிடாமல் காப்பாற்றிய ஒரு சமூகத்துக்குக் கிடைத்த பலன் என்றும் பேசலாம் அல்லவா?

பிச்சை அல்ல, உரிமை

பென்ஷன்தாரர்கள் நம் வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினம் என்று கொண்டாடுகிறோம். ஏன் அந்த நாள்? பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்றவர் டி.எஸ்.நகரா. 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31-ம் தேதியும் அதற்குப் பிறகும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். முன்னால் போனவர்களுக்குக் கிடையாது. ஒரே வேலை செய்த இருவருக்கு, ஒரு தேதியின் இரு பக்கம் நின்றதற்காக இரு வேறு பென்ஷன். நகரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. பென்ஷன் முதலாளி இரக்கப்பட்டுக் கொடுக்கும் இனாம் அல்ல, செய்த வேலைக்கான உரிமை, தேதி வைத்துப் பிரிக்க முடியாது என்பது அதன் சாரம். வயதானவர்கள் தங்கள் மரியாதைக்காக நடத்திய வழக்கு என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வு வயது என்ற ஒன்றே சம்பளம் வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. வயலில் வேலை பார்த்தவர்களுக்கும் வீட்டு வேலை செய்தவர்களுக்கும் அப்படி ஒரு நாளே கிடையாது. தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சிக் காலத்தில், 1962-ல், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. இன்று அது 1,200 ரூபாய். நம் கேட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்களில் 60-ஐத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள்" என்று நாம் சொல்வதில்லை. பொருளாளர் நாற்காலிக்கு மட்டும் வயது பார்க்கிறோம்.

ஒரு அடுக்குமாடியில் பிறந்த சொல்

சாதியை வைத்து, பாலினத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவதற்குப் பெயர் இருந்தது. வயதை வைத்து ஒதுக்குவதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது. அதற்கு "ஏஜிசம்" என்று பெயர் வைத்தவர் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர். வருடம் 1969. இடம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். பெயர் பிறந்த காரணம் நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது. செவி சேஸ் என்ற வசதியான பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஏழை முதியோர் குடியிருப்பாக மாற்ற அரசுத் தரப்பில் முடிவெடுத்தார்கள். சுற்றியிருந்த குடியிருப்புவாசிகள் கொதித்து எழுந்தார்கள். கிழவர்கள் வந்தால் பகுதியின் மதிப்பு போய்விடும் என்ற பயம். அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்க வந்த பத்திரிகை நிருபரிடம் பட்லர் இந்தச் சொல்லைச் சொன்னார். அந்த இளம் நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீன். பிற்பாடு வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்த இருவரில் ஒருவர்.

தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பட்லர், பிறகு அமெரிக்காவின் தேசிய முதுமை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். முதுமை பற்றி எழுதிய நூலுக்கு 1976-ல் புலிட்சர் பரிசு பெற்றார்.

அடுத்த வருடம், 1970-ல், மேகி குன் என்ற பெண்மணியை 65 வயதாகிவிட்டது என்று அவர் வேலை பார்த்த கிறிஸ்தவத் திருச்சபை கட்டாயமாக ஓய்வு கொடுத்து அனுப்பியது. அவர் வீட்டில் உட்காரவில்லை. அதே நிலைமையில் இருந்த நண்பர்களைச் சேர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார். "சாம்பல் சிறுத்தைகள்" என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அதில் அவர் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். முதியவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஒரே குறைதான், இருவரையும் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் 1967-ல் வந்த வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 40 முதல் 65 வரை உள்ளவர்களை மட்டுமே காத்தது. 1978-ல் அது 70 ஆனது. அதற்குப் போராடியவர்களில் முக்கியமானவர் கிளாட் பெப்பர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு அப்போது 77. 1986-ல் மேல் வரம்பே எடுக்கப்பட்டது. பெரும்பாலான வேலைகளில் வயதைக் காட்டிக் கட்டாய ஓய்வு கொடுக்க முடியாது என்றாயிற்று. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ரீகனுக்கு வயது 75. 1990-ல் ஐ.நா. சபை அக்டோபர் 1-ஐ உலக முதியோர் தினமாக அறிவித்தது.

கோட்டைத் தாண்டியவர்கள்

1918 அக்டோபர் 1-ம் தேதி பிறந்த ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். மதுரை டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். 1976-ல், 58 ஆனதால், அரசுப் பணியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டார். அந்த வருடமே, வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். லோன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 58 வயது, பென்ஷன் தவிர வருமானம் இல்லை, பாதிப் பேருக்கு இலவச வைத்தியம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால் எந்த மேனேஜரும் தலையைச் சொறிவார். இன்று அந்த மருத்துவமனையைப் பாடமாக வைத்து வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் திறந்தபோது அவருக்கு 67. உ.வே.சாமிநாதையர் மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-ல் ஓய்வு பெற்றார். குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937-ல், அவருடைய 82-ம் வயதில். ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தைத் தொடராக எழுதத் தொடங்கியது 1940-ல், 85-ஐத் தொடும்போது. நம் துணைவிதி அவருக்குப் பொருந்தியிருந்தால் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைக்கூட அவர் கையில் கொடுத்திருக்க மாட்டோம்.

இவர்கள் எல்லாம் மேதைகள், நாம் சாதாரண ஆட்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால் மேதை அல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். 1984-ல் ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்கப் பரிந்துரைத்தது. கிளைகளுக்கு அது வந்து சேரப் பல வருடம் ஆனது. எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, 50-ஐத் தாண்டியவர்களுக்கு இது வராது என்றுதான் எல்லோரும் பேசினோம். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்த ஒரு அம்மா, தினம் மாலை அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, நோட்டில் ஒவ்வொரு கட்டளையையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார். ஆறு மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் சந்தேகம் தீர்த்தவர் அவர்தான். அந்த நோட்டின் ஜெராக்ஸ் பிரதி என்னிடம் ரொம்ப நாள் இருந்தது.

2000-ல் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எனக்கு அப்போது 41. நான் போகவில்லை. போனவர்களில் சிலர் கடை வைத்து நன்றாக இருந்தார்கள். சிலர் ஒரு வருடத்தில் பத்து வருடம் கூடினவர்கள் போல ஆகிவிட்டார்கள். வேலை போனதைவிட, "இனி நாம் எதற்கு" என்ற நினைப்பு அவர்களைத் தேய்த்தது.

நாமே நமக்குச் செய்துகொள்வது

இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்டது. ஒஹையோ மாநிலத்தின் ஒரு ஊரில் 50 வயதைக் கடந்த 660 பேரின் விவரங்களைப் பல வருடத் தொடர்ச்சியுடன் எடுத்துப் பார்த்தார்கள். தங்கள் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் நல்லபடியாக நினைத்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தொடக்கத்தில் இருந்த உடல்நிலை, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் இருந்தது.

ஆகவே இது மற்றவர்கள் நமக்குச் செய்வது மட்டுமல்ல. "வயசாயிடுச்சு, எனக்கெதுக்கு", "போன்ல பணம் அனுப்புறதெல்லாம் பிள்ளைங்க பாத்துப்பாங்க", "மாடிப்படி எனக்கு ஆகாது" என்று நாமே நமக்குத் துணைவிதி எழுதிக்கொள்கிறோம். முழங்கால் வலிக்கிறது என்பது உண்மை. முழங்கால் வலிப்பதால் யோசனை வலிக்காது. தலைமுடிக்குச் சாயம் பூசுவதும் பூசாததும் அவரவர் இஷ்டம். ஆனால் வயதைச் சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு நாம் என்ன திருடினோம்?

நம் மரபில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழ் வருடங்கள் 60. பிரபவ முதல் அட்சய வரை சுற்றி முடித்தால் நாம் பிறந்த வருடத்தின் பெயர் மறுபடி வரும். அதைத்தான் அறுபதாம் கல்யாணமாகக் கொண்டாடுகிறோம். மாலை மாற்றி மறுபடி தாலி கட்டுகிறோம். உலகம் 60-ஐக் கணக்கு முடிக்கும் நாளாக வைத்தது. நம் பெரியவர்கள் புதுக் கணக்குத் திறக்கும் நாளாக வைத்தார்கள்.

ஏழாவது பொருளுக்கு வருவோம்

இளையவர்களின் குறை எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே ஆள் பத்து வருடம் நாற்காலியில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் இல்லை, கணக்கு இன்னும் நோட்டிலேயே இருக்கிறது என்கிறீர்கள். நியாயமான குறைதான். ஆனால் இவை எதுவும் வயதின் குறை அல்ல. 45 வயதில் நாற்காலியை விடாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நோய் ஒன்று, மருந்து வேறாக இருந்தால் குணமாகாது.

என் மாற்று யோசனை மூன்று. ஒன்று, எந்த வயதினராக இருந்தாலும் ஒரு பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது. இரண்டு, பொருளாளர் கணக்கை ஒவ்வொரு மாதமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முடியாதவர் நிற்க வேண்டாம், அவருக்கு 35 ஆனாலும் சரி, 75 ஆனாலும் சரி. மூன்று, ஒவ்வொரு பதவிக்கும் ஒரு துணைப் பதவி. மூத்தவர் பதவியில் இருந்தால் துணைக்கு 40-க்கு உட்பட்டவர், இளையவர் இருந்தால் துணைக்கு 60-ஐக் கடந்தவர்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மரியாதையை வயதைக் காட்டிக் கேட்பதும் வயதுப் பாகுபாடுதான். "நேத்துப் பொறந்த பையன்" என்று கூட்டத்தில் ஒருவரை அடக்கினால், "பெருசு சும்மா இருங்க" என்று அவர் சொல்வதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை இருந்தாகிவிட்டது என்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு, கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நவம்பரில் பென்ஷன்தாரர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2014 முதல் அதை டிஜிட்டல் முறையிலேயே செய்யலாம். இப்போது முகத்தைக் காட்டி செல்போனிலேயே முடித்துவிடலாம். நம் சங்க அறையில் நவம்பர் முதல் வாரம் தினமும் காலை 10 முதல் 12 வரை நான் இருக்கிறேன். உதவிக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் செய்து கொடுக்கப் போவதில்லை. நீங்களே செய்யக் கற்றுக் கொடுக்கப் போகிறோம். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள வாட்ச்மேன்கள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் உங்களுக்குத் தெரிந்தால் அவர்களையும் ஆதார், ரேஷன் கார்டோடு அனுப்பி வையுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதில் எனக்கு 37 வருட சர்வீஸ் இருக்கிறது.

பொதுக்குழுவில் சந்திப்போம்.

பி பிளாக்கிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஒருவர்